திருவொற்றியூரில் ஒரு ஜன்னல் வளைந்தது

மலேசியாவின் கிள்ளானிலிருந்து சென்னைக்கு நான் கொண்டுபோன இரண்டு பெட்டிகளில் ஒன்றில் என் சேலைகளும் மற்றதில் திரைச்சீலைத் துணியும் இருந்தன. விமான நிலையச் சோதனையில் இருந்த பெண் துணிச் சுருளைத் தட்டிப் பார்த்து, விற்கவா என்று கேட்டார். மகள் வீட்டு ஜன்னலுக்கு என்றேன். ஏன், சென்னையில் துணி கிடைக்காதா என்றார். கல்யாணமான நாளிலிருந்து கிள்ளான் கடைத்தெருவில் திரைச்சீலை தைத்து விற்றுக்கொண்டிருப்பவள் நான். என் ஒரே மகளின் வீட்டில் வேறு யாரோ தைத்த துணி தொங்குவதை மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

மகள் தர்ஷினியும் மருமகன் சரவணனும் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார்கள். சரவணனுக்கு ஊர் திருவொற்றியூர். அவன் அம்மா அஞ்சலை இருக்கும் வீட்டின்மேல் இவர்கள் புதிதாக ஒரு மாடி எழுப்பியிருக்கிறார்கள். அடுத்த வருடம் வந்து குடியேறப்போகிறார்கள். அதற்குள் நான் போய் ஜன்னல்களை அளந்து, அங்கேயே தைத்து, மாட்டிவிட்டு இரண்டு வாரத்தில் திரும்புவதாக ஏற்பாடு. என் கணவர் கடையைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிட்டார்.

சம்பந்தி அஞ்சலையை நான் அதற்குமுன் நேரில் பார்த்தது திருமணத்தில் மட்டும்தான். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச நேரமே வாய்க்கவில்லை. அதற்குப் பிறகு தீபாவளி, பொங்கலுக்குக் கைப்பேசியில் முகம் பார்த்துக்கொள்வோம். உடம்பு எப்படி, மழை உண்டா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நல்ல உறவுதான். ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது.

விமான நிலையத்துக்கு அவரே வந்திருந்தார். ஒல்லியான, உயரமான பெண்மணி. கணவர் இறந்து பல வருடமாகிறது. எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் சின்னதாக ஒரு டிபன் கடை நடத்துகிறார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் லாரிக்காரர்கள்தான் அவருக்கு வாடிக்கை. என் பெட்டியை வாங்கித் தூக்கிப் பார்த்தவர், "இன்னா சம்பந்தி, கல்லா எட்த்தாந்துகீற?" என்றார். எங்கள் ஊரில் சம்பந்தி வீட்டில் எடுத்த எடுப்பில் யாரும் நீ என்று பேசமாட்டார்கள். எனக்குக் கொஞ்சம் திடுக்கென்றது. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது, அவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்று.

நகரத்தைத் தாண்டும்வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. ராயபுரத்துக்கு அப்பால் லாரிகள். கிள்ளானிலும் துறைமுகம் உண்டு, நான் கன்டெய்னர் பார்க்காதவள் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் லாரிகளுக்கென்று நெடுஞ்சாலை தனியாகப் போகிறது. இங்கே பள்ளிக்கூட வேன், மீன்கூடை ஏற்றிய ஆட்டோ, சைக்கிளில் போகும் பெரியவர், பக்கத்திலேயே மாடி உயரத்துக்கு நிற்கும் லாரி என்று எல்லாம் ஒரே சாலையில். ஒரு பக்கம் பாறாங்கல் கொட்டிய கடற்கரை, மறுபக்கம் குடியிருப்பு. டாக்சி ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். அஞ்சலை ஜன்னல் வழியாக லாரிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் அவரை அக்கா என்றார்கள், மீதிப் பேர் இந்தியில் அம்மா என்றார்கள்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். இட்லிக்கு வடகறி. எங்கள் ஊரிலும் இட்லி கிடைக்கும், ஆனால் இந்த வடகறி நான் அறியாதது. பருப்பு வடையை உதிர்த்து மசாலாவில் ஊறவைத்ததுபோல் இருந்தது. மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன். நீங்க பசியாறிட்டீங்களா என்று அஞ்சலையைக் கேட்டேன். மலேசியாவில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்போம். அவர் அந்தச் சொல்லை ஒருதரம் சொல்லிப் பார்த்து, நல்லா கீது என்றார். அன்று முழுக்க வந்த லாரிக்காரர்களிடம் எல்லாம் பசியாறிட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடை ஓய்ந்ததும் மாடிக்குப் போய் அளவு எடுக்க ஆரம்பித்தோம். அவர் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கடல் பக்கம் பார்த்த பெரிய ஜன்னல். நாடாவில் அளந்ததும் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க இடது கண்ணை மூடி வலது கண்ணால் நோக்குவது என் பழக்கம். அப்படி நோக்கினேன். ஜன்னலின் சட்டம் நடுவில் உள்வாங்கியிருந்தது. கம்பிகளும் அந்த இடத்தில் கிள்ளிவிட்டாற்போல் வளைந்திருந்தன.

புது வீட்டைக் குறை சொல்லத் தயக்கமாக இருந்தது. இருந்தாலும் திரைச்சீலை ஒழுங்காகத் தொங்க வேண்டுமே. மெதுவாகச் சொன்னேன், கொத்தனார் ஜன்னலைக் கொஞ்சம் கோணலாக வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று.

அஞ்சலையின் முகம் மாறிவிட்டது. மகன் மஸ்கட்டில் உழைத்து அனுப்பியதில் எழுந்த வீடு. ஒவ்வொரு செங்கலையும் தானே நின்று வைக்கச் சொன்னதாக அவர் தர்ஷினியிடம் சொல்லியிருக்கிறார். கீழே போய், நூல் ஒன்றில் கனமான ஒரு திருகாணியைக் கட்டி எடுத்துவந்தார். ஜன்னல் சட்டத்தின் மேல் முனையில் வைத்துத் தொங்கவிட்டார்.

"இப்பப் பாரு" என்றார்.

பார்த்தேன். நூலும் வளைந்திருந்தது.

கனம் கட்டித் தொங்கும் நூல் வளையாது. அது எனக்குத் தெரியாததா? இடது கண்ணைத் திறந்து வலது கண்ணை மூடினேன். நூல் நேராக நின்றது, ஜன்னலும் நேராக நின்றது. மறுபடி மாற்றினேன், வளைந்தது. வளைந்த இடத்துக்கு நடுவில் விரல் பட்ட கண்ணாடிபோல் ஒரு மங்கல். அந்தக் கண்ணால் அஞ்சலையைப் பார்த்தேன். அவர் தலைமுடி தெரிந்தது, தோள் தெரிந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு இருந்தது.

கிள்ளானில் என் கண்ணாடிக் கடைக்காரர் போன வருடமே, விழித்திரையில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் இருக்கின்றன, வயதானவர்களுக்கு வருவதுதான், நேர்க்கோடு எப்போதாவது வளைந்து தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள் என்று சொல்லியிருந்தார். ஜன்னல் சரியாகத்தான் இருக்கிறது, என் கண்தான் சரியில்லை என்று அஞ்சலையிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தைக்கிறவளுக்குக் கண் போனால் என்ன மிச்சம்?

அவர் நூலைச் சுற்றி முடிந்துகொண்டார். நாளைக்குக் கடையை உதவியாள் பார்த்துக்கொள்வாள், காலையிலேயே போகலாம் என்று மட்டும் சொன்னார். ஊருக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "கண்ணு அது வரைக்கும் காத்துகினு இருக்குமா?" என்றார்.

ராயபுரத்தில் ஒரு கண் மருத்துவமனை. சரவணனுடைய அப்பாவுக்குக் கண்புரை எடுத்தது அங்கேதான் என்பதால் அஞ்சலைக்கு அந்த இடம் பழக்கம். கூட்டம் நிறைய. எங்கள் ஊரில் எண் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்போம். இங்கே பக்கத்து இருக்கைப் பெண்மணி நான் யார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எந்தக் கண் என்று வரிசையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் கைப்பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

கண் பாவையை விரிக்க மருந்து விட்டார்கள். பிறகு ஒரு கருவியின்முன் தாடையை வைக்கச் சொல்லி விழித்திரையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் நடுவயதுப் பெண்மணி, அவசரமில்லாத பேச்சு. திரையில் என் வலது கண்ணின் உட்புறம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. இடது கண்ணில் அடுக்குகள் சமமாக இருந்தன. வலது கண்ணில் நடுவில் ஒரு மேடு. அந்த மேட்டுக்குக் கீழே நீர் கோத்திருப்பதைக் காட்டினார். அடுக்கு அங்கே தூக்கிக்கொண்டிருப்பதால்தான் கோடு வளைந்து தெரிகிறது என்றார்.

அது ஏன் வருகிறது என்று கேட்டேன். கேட்டிருக்காவிட்டால் இன்றுவரை அது முதுமையின் தேய்மானம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

தேய்மானமும் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை என்றார். கண் ஒவ்வொரு நாளும் பார்க்கிற வேலையில் கழிவு சேர்கிறது. வயதாக ஆக அது முழுவதும் வெளியேறாமல் விழித்திரைக்கு அடியில் மஞ்சள் புள்ளிகளாகப் படிகிறது. கிருமி வந்தால் எதிர்க்கும் நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்தக் கழிவையும் ஏதோ ஆகாதது என்று எடுத்துக்கொண்டு அங்கே வேலையைத் தொடங்குகிறது. வேலை முடிந்ததும் அது தானாக அடங்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அதை அடக்கும் பிடி தளர்வாக அமைந்துவிடுகிறது. அதனால் வெளியே தெரியாத ஒரு அழற்சி வருடக்கணக்காகக் கனன்றுகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் அந்த இடம் புது ரத்தக் குழாய் வேண்டும் என்று குரல் கொடுக்க ஆரம்பிக்கும். அப்படி அவசரத்தில் முளைக்கும் குழாய்கள் உறுதியில்லாதவை, கசியும். அந்தக் கசிவுதான் இந்த மேடு.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலை, "அப்ப வெளியாளு எவனும் வந்து அடிக்கல. நம்ம ஆளுங்களே உள்ள அடிச்சிகினு கீறாங்கோ" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். ஏறத்தாழ அதுதான் என்றார்.

கண்ணுக்குள் போடும் ஊசி அந்தக் குரலை அடைத்துவிடும், புதுக் குழாய் சுருங்கும், நீர் வற்றும். ஒரு ஊசியோடு முடியாது, மாதம் ஒன்றாகச் சில, பிறகு இடைவெளி விட்டு. போன பார்வை முழுவதும் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் தாமதித்தால் அங்கே வடு விழுந்துவிடும், அதன்பின் எந்த ஊசியாலும் பயன் இல்லை. அந்த எதிர்ப்பு சக்தியையே பிடித்து நிறுத்த மருந்து இல்லையா என்று கேட்டேன். இதே நோயின் உலர்ந்த வகைக்கு வெளிநாடுகளில் சிலவற்றில் அப்படிப்பட்ட ஊசி வந்திருக்கிறது, அழிவின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், பார்வையைத் திருப்பித் தராது, அதன் பலன் போதுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்றார். உங்களுக்கு இன்று வேண்டியது இந்த ஊசிதான் என்று முடித்தார்.

அன்று பிற்பகலே போட்டார்கள். படுக்கவைத்து மரத்துப்போகும் மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டார்கள். பழுப்பு நிறத்தில் ஒன்றை ஊற்றினார்கள், அதுதான் எரிந்தது. இமை மூடாதிருக்க ஒரு கவ்வி. மேலே இடது பக்கம் பாருங்கள் என்றார் டாக்டர். யாரோ கட்டைவிரலால் அழுத்தியதுபோல் இருந்தது. கண்ணுக்குள் கரு மை சொட்டியதுபோல் இரண்டு வட்டங்கள் மிதந்தன. முடிந்துவிட்டது என்றார். நான் பயந்த நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னா வேணும் சாப்ட, சொல்லு என்றார். பயம் தெளிந்த பசி எனக்கு. பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் பழக்கிவிட்ட அத்தோ என்ற ஒன்றை வாங்கிக்கொடுத்தார். ஆறிய நூடுல்ஸில் பொரித்த வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து தட்டில் வைக்கிறார்கள். எங்கள் ஊரின் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் சூடாக வாணலியிலிருந்து வரும். இது அதற்கு நேர் எதிர். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். ஒரு கண்ணில் மூடியோடு தெருவோரம் நின்று சாப்பிட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்காமலே இன்னொரு கரண்டி சூப் ஊற்றினார்.

கீரையும் மீனும் நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். அது அஞ்சலைக்குக் கட்டளை ஆகிவிட்டது. முருங்கைக்கீரை, மத்திபோன்ற கவலை மீனில் குழம்பு, மறுவேளை நெத்திலி வறுவல். தலைக்கு ஊற்றக்கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று குளியலறை வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். வாயைத் திறந்தால் கட்டளை என்று கணவரிடம் தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டேன். நீ என்னிடம் அப்படித்தானே என்றார் அவர்.

மூன்றாம் நாள் பிற்பகல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. முதலில் வெயில் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை விழி சிவந்திருந்தது. பார்வையில் பனி மூடினாற்போல் ஒரு படலம், அதில் தூசி தூசியாக மிதந்தது. லேசாக வலியும் இருந்தது. சிவப்போ வலியோ மங்கலோ வந்தால் அந்த நிமிடமே வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஊசி போட்ட வழியாகக் கிருமி உள்ளே போயிருந்தால் கண்ணே போய்விடலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

அஞ்சலை அடுப்பை அணைத்துவிட்டு ஒரு ஆட்டோவைப் பிடித்தார். விரைவுச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் எல்லாம் நின்றுவிட்டது. துறைமுக வாசலில் கணினி வேலை செய்யவில்லையாம், லாரிகளை உள்ளே விடவில்லையாம். முன்னாலும் பின்னாலும் லாரிகள், திரும்பவும் இடமில்லை. ஆட்டோ ஓட்டுநர் கையை விரித்தார். நான் கைக்குட்டையைக் கண்ணில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நிமிடமும் உள்ளே ஏதோ அழிந்துகொண்டிருப்பதுபோல் நினைப்பு.

"எறங்கு சம்பந்தி. நடந்துடலாம். தேரடிக்குப் போய் மெட்ரோ பிடிச்சிடலாம்" என்றார் அஞ்சலை.

சாலையின் இந்த ஓரத்துக்கு வரவே நான்கு வரிசை லாரிகளைக் கடக்க வேண்டியிருந்தது. இரண்டு லாரிகளுக்கு நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் போகலாம். வண்டிகள் திடீரென்று ஒரு அடி நகரும், நிற்கும். வெளிச்சம் தாங்காமல் இரண்டு கண்ணையும் இடுக்கிக்கொண்டிருந்த எனக்குச் சக்கரமும் நிழலும் ஒன்றாகத் தெரிந்தன. அஞ்சலையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு லாரியின் கதவைக் கையால் தட்டினார். மேலேயிருந்து இளைஞன் ஒருவன் எட்டிப் பார்த்தான். பீகார்க்காரன், காலையில் கடையில் நான் பார்த்த முகம். அவர் இந்தியும் தமிழுமாக ஏதோ சொன்னார். அவன் இறங்கினான்.

அம்மாவுக்குக் கண்ணா என்று இந்தியில் கேட்டானாம், அப்புறம் அஞ்சலை சொல்லித்தான் தெரியும். அவன் எங்களுக்கு முன்னால் போய் ஒவ்வொரு லாரியின் முன்பக்கத்திலும் நின்று கையை உயர்த்தினான். ஓட்டுநர்கள் இன்ஜினை அணைத்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக அந்த உறுமல் அடங்குவதை நான் கேட்டேன். அந்த நெரிசலில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஓரத்துக்கு வந்ததும் நன்றி சொல்லத் திரும்பினேன். அவன் அதற்குள் தன் லாரிக்குள் ஏறிக்கொண்டிருந்தான். அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மெட்ரோ குளுகுளுவென்று ஊருக்குமேல் ஓடி, பிறகு பூமிக்குள் இறங்கியது. பெட்டிக்குள் அஞ்சலை என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். வண்ணாரப்பேட்டையில் இறங்கி இன்னொரு ஆட்டோ.

டாக்டர் எங்களை வரிசையில் நிறுத்தாமல் உடனே உள்ளே கூப்பிட்டார். நெடுநேரம் பார்த்தார். இன்னொரு டாக்டரையும் வரவழைத்துப் பார்க்கச் சொன்னார். ஒலி அலையால் உள்ளே பார்க்கும் கருவியைக் கண்மேல் வைத்தும் சோதித்தார்கள். அந்த நேரம் முழுவதும் என் மனதில் ஓடியது ஒன்றுதான். இந்தக் கண்ணைத் தொலைக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேனா, பேசாமல் ஊரிலேயே இருந்திருக்கலாமே.

கிருமிபோல் தெரியவில்லை என்றார் கடைசியில். உள்ளே மிதப்பது சீழ் அல்ல, உங்கள் எதிர்ப்பு சக்தியின் அணுக்கள். நாங்கள் போட்ட மருந்தை அது அந்நியமாக நினைத்துச் சண்டைக்கு வந்திருக்கிறது. சிலருக்கு இப்படி ஆவது உண்டு. ஆனாலும் கிருமி இல்லை என்று இன்றே சத்தியம் செய்ய மாட்டேன். அழற்சியை அடக்கும் சொட்டு மருந்தை மணிக்கு ஒருமுறை விடுங்கள், நாளைக் காலை கண்ணைக் காட்டுங்கள். மோசமானால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

எந்த வீரர்கள் என் கண்ணைக் கெடுத்தார்களோ அவர்களே மருந்தையும் எதிர்த்து நின்றார்கள் என்று சொல்லிச் சலித்துக்கொண்டேன். டாக்டர் தலையை ஆட்டினார். அவர்கள் இல்லாமல் நீங்கள் இவ்வளவு வயது வாழ்ந்திருக்கவும் முடியாது, எத்தனை காய்ச்சலிலிருந்து காப்பாற்றியிருப்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றார். அன்றிலிருந்து நான் கோபிக்கவில்லை.

அன்று இரவு அஞ்சலை தூங்கவில்லை. கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் என் இமையை விரித்துச் சொட்டு விட்டார். காலையில் படலம் மெலிந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோதுதான் அவரும் கவலையில் இருந்தார் என்று தெரிந்தது. அழற்சிதான், கிருமி இல்லை. ஒரு வாரத்தில் தூசிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

என் கணவர் உடனே கிளம்பி வா என்றார், மீதியை இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று. எனக்கும் ஆசைதான். உண்மையில் மீதியே வேண்டாம் என்று இருந்தது. இன்னொரு ஊசி என்றாலே பயமாக இருந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை, அஞ்சலையிடம்தான் சொன்னேன், அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது.

அவர் உரித்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒன் கண்ணு, ஒன் இஷ்டம். ஆனா பயந்துகினு வுட்டுடாத. எம் மருமவ கொழந்த குட்டினு பெத்துக்கும். அத்த நீ பாக்காம கையால தடவிகினு இருந்தா எனக்குத் தாங்காது" என்றார். பிறகு வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பயணத் தேதியை மாற்றினேன்.

அந்த மாதத்தில் திரைச்சீலைகளைத் தைத்தேன். வலது கண்ணை நம்ப முடியாததால் இடது கண்ணால் நோக்கப் பழக வேண்டியிருந்தது. முதல் துணி வீணாயிற்று, அஞ்சலை அதைக் கடைக்கு எடுத்துப்போய் வெயில் மறைப்பாகக் கட்டிவிட்டார். மாலை வேளைகளில் கடையில் உட்கார்ந்திருப்பேன். லாரிக்காரர்கள் கண் எப்படி என்று கேட்பார்கள். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர் ஒருவர், தன் அப்பாவுக்கும் நடுப்பார்வை போயிற்று, அப்போது ஊசி எல்லாம் ஏது, சுவரைத் தடவித் தடவியே போய்ச் சேர்ந்தார் என்று சொன்னார். நான் எவ்வளவு நல்ல காலத்தில் பிறந்திருக்கிறேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஊசிக்கு டாக்டர் மருந்தை மாற்றினார். அதற்குமுன் எடுத்த படத்தில் மேடு பாதிக்குமேல் வற்றியிருந்தது. ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் கண்ணைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டோம், சிவப்பு வரவில்லை. கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார்கள். இடது கண்ணிலும் மஞ்சள் புள்ளிகள் இருக்கின்றன, அதையும் காவல் காக்க வேண்டும். வலது கண்ணில் கோடுகள் முழுதாக நேராகவில்லை, ஒரு இடத்தில் லேசான நெளிவு இன்றும் உண்டு. ஆனால் அந்தச் சாம்பல் திட்டு போய்விட்டது. ஒற்றைக் கண்ணாலும் முகம் தெரிகிறது. மீதி ஊசிகளைக் கிள்ளானில் தொடர ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

விடைபெறும்போது நான் டாக்டரிடம் ஒரு உதவி கேட்டேன். என் சம்பந்தியின் கண்ணையும் பார்த்துவிடுங்கள் என்று. அஞ்சலை எழுந்துவிட்டார். தனக்கு ஒண்ணியும் இல்ல, கடைக்கு நேரமாச்சு என்றார். புகையிலும் வெயிலிலும் நாள் முழுக்க நிற்கிறவர், அறுபதைத் தாண்டியவர், ஒருமுறைகூடக் காட்டியதில்லை. நான் கதவருகில் போய் நின்றுகொண்டேன். அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஊசி, கத்தி என்றால் பயப்படாதவர், சொட்டு மருந்து விடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மஞ்சள் புள்ளி இல்லை. கண்புரை தொடக்கம், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. படிக்க ஒரு கண்ணாடி போதும் என்றார் டாக்டர். அதைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதியை என் படத்தைப் பார்த்தபோதுகூட நான் உணரவில்லை.

வெளியே உச்சி வெயில். மருந்தால் பாவை விரிந்திருந்த அஞ்சலையால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. படிக்கட்டில் கால் தடுமாறியது. எதிர்ப்பக்கம்தான் ஆட்டோ நிறுத்தம், நடுவில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள்.

"ஒண்ணுமே தெரில சம்பந்தி. எல்லாம் வெள்ளையா கீது" என்றார்.

என் முந்தானையை அவர் தலைமேல் இழுத்து நிழல் கொடுத்துவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு லாரி வந்தது, நின்றோம். இன்னொன்று வந்தது, அதன் ஓட்டுநர் அஞ்சலையை அடையாளம் கண்டுகொண்டு வேகத்தைக் குறைத்து, போங்கள் என்று கையைக் காட்டினார். அஞ்சலைக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வாங்க என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்தேன்.